அப்புக்காத்தின் எட்டுச்செலவு

அன்று தகனசாலையில் இருந்தவர்கள் இவர்கள்: சவப்பெட்டியைத் தூக்கி வந்த கம்பனி ஆட்கள் நாலு பேர், ஒரு பாதிரியார், பக்கத்து வீட்டு விதவை அம்மா, ட்ராமில் கண்டக்டர் வேலை பார்த்த என் நண்பன், வேறு யாருடையதோ இறுதிச்சடங்குக்கு வந்து கதவு மாறி நுழைந்துவிட்ட ஒரு முதியவர், நான். மொத்தம் ஒன்பது பேர்.

கதவு மாறிய முதியவருக்கு, பாதிரியார் இறந்தவரின் பெயரைச் சொன்னதுமே விஷயம் விளங்கிவிட்டது. எழுந்து போனால் நன்றாக இருக்காது என்று நினைத்திருக்க வேண்டும். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு முடியும்வரை இருந்தார். எங்கள் எல்லாரிலும் துக்கமாகத் தெரிந்தவர் அவர்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியின் பித்தளைப் பிடிகளில் ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது. அது கழன்று விழுந்துவிடுமோ என்று முழு நேரமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை. திரை மூடியது. வெளியே வெயில் இருந்தது.

உள்ளே போவதற்கு முன் பாதிரியார் வாசலில் என்னை நிறுத்தி, இவர் என்ன செய்தவர் என்று கேட்டார். பாரிஸ்டர், இங்கிலாந்தில் ஒரு காலம் எம்.பி.யாகவும் இருந்தவர் என்றேன். “எந்த ஊருக்கு?” என்றார். ஊரின் பெயர் எனக்கு வாயில் வரவில்லை. ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். தெரிந்த சொல்லே பயத்தில் மறந்துபோகும். பாதிரியார் பென்சிலைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்துவிட்டு, “இவர் இங்கிலாந்திலிருந்து வந்து நீண்ட காலம் வாழ்ந்தார்” என்று மட்டும் பிரசங்கத்தில் சொன்னார். தொண்ணூற்று நாலு வயது. அது நீண்ட காலம்தான்.

மிச்சம் எனக்குத் தெரியும். நான் அவருக்குச் சவரம் செய்யும்போது அவரே சொன்னது.

நான் மலைநாட்டில் ஒரு தோட்டத்துத் துரை வீட்டில் குசினி வேலை பார்த்தவன். தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்ற பேச்சு வந்ததும் துரை அவுஸ்திரேலியாவுக்கு, மெல்பேர்ணுக்கு வந்தார். கைப்பெட்டிகளோடு என்னையும் கொண்டுவந்தார். வந்த கொஞ்ச நாளில் துரை இறந்தார். துரைசாணி மகளோடு இருக்கப் பேர்த் நகருக்குப் போகுமுன், தனக்குத் தெரிந்த இந்தக் கிழவரிடம் என்னை ஒப்படைத்தார். சமைக்க, குளிப்பாட்ட, மருந்து கொடுக்க. வாடகை வீடு. பின்னறை எனக்கு.

முதல் நாளே அவர் என்னைப் பார்த்து, “என் கற்றறிந்த நண்பரே, உட்காருங்கள்” என்றார். கேலி செய்கிறாராக்கும் என்று எனக்குக் காது சுட்டது. இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஒரு வக்கீல் மற்ற வக்கீலை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம். அவருக்கு வேறு விதமாக யாரையும் கூப்பிடத் தெரியவில்லை. பால்காரரும் கற்றறிந்த நண்பர்தான். எங்கள் ஊரில் இப்படி நீதிமன்றம் ஏறுகிறவர்களை அப்புக்காத்து என்போம். நண்பனிடம் சொன்னபோது அவன் அந்தப் பெயரையே வைத்துவிட்டான். “எப்பிடி மச்சான் உன்ர அப்புக்காத்து? இண்டைக்கு எத்தினை வழக்கு வெண்டவர்?”

கழுத்தில் சவரக்கத்தி நிற்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். தொண்டை மேலும் கீழும் போகும். நான் கையை எடுத்துவிடுவேன். “தொடருங்கள், தொடருங்கள். இதைவிடக் கூரான கத்திகளைப் பாராளுமன்றத்தில் எனக்குப் பின் வரிசையிலேயே பார்த்திருக்கிறேன்” என்பார். வெட்டிவிட்டால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் என் கடதாசிகளைப் பார்க்கும், பார்த்தால் ஏதாவது பிழை இருக்கும், இப்படித்தான் என் யோசனை ஓடும். அதனால் அவருடைய வாழ்க்கையை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவருடைய தகப்பன் வட இங்கிலாந்தில் கம்பளி ஆலைகள் உள்ள ஒரு ஊரில் சப்பாத்துத் தைத்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிற்றாலயத்தில் பிரசங்கமும் செய்வார். ஒருநாள் தகப்பனுக்குத் தொண்டை கட்டிவிட, பதினைந்து வயது மகன் ஏறிப் பேசியிருக்கிறான். கேட்டவர்கள் அழுதார்களாம். “அன்றைக்குப் பிடித்த வியாதி” என்பார். உதவிப்பணத்தில் படித்து, லண்டனில் பாரிஸ்டரானார். தலையில் வைக்கும் அந்த மயிர்த்தொப்பி வாங்கக் காசில்லை. செத்துப்போன வக்கீல் ஒருவரின் மனைவியிடம் பழையதை வாங்கினார். கற்பூர வாசம் போகவே இல்லையாம். வழக்குச் சொல்லும்போதெல்லாம் நீதிபதி மூக்கைத் தடவுவாராம்.

ஆலையில் விரல் போனவர்களுக்காக வழக்குப் பேசிப் பேசித்தான் பெயர் வந்தது. ஒரு விரலுக்கு எவ்வளவு, கட்டைவிரலுக்கு எவ்வளவு என்று தன் கையை விரித்து எனக்குக் காட்டுவார். அந்த ஆலைச்சனம்தான் அவரைத் தேர்தலில் வெல்ல வைத்தது. மிகச் சில வாக்குகளால். முப்பது வயதில் எம்.பி. அவருடைய முதல் பேச்சுக்கு முன் வரிசையில் ஒரு கிழவர் நித்திரையாம். “என் பேச்சு முழுவதும் அச்சில் வந்தது. அவருடைய குறட்டையை மட்டும் விட்டுவிட்டார்கள். அதுதான் அன்றைக்கு நேர்மையான விமர்சனம்.” பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் பேசினார். மனைவி மேலே பெண்களுக்கான மாடத்தில், கம்பிவலைக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொன்னார். மனைவியைப் பற்றி நான் அவர் வாயால் கேட்டது அந்த ஒரு வசனம்தான்.

நான் இலங்கை என்று தெரிந்ததிலிருந்து ஒரு விஷயத்தைப் பல தடவை சொன்னார். இலங்கைத் தேயிலைத் தோட்டக் கூலிகளின் சம்பளம் பற்றி ஒருமுறை அவருக்கு ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. எழுந்து ஒரு கேள்வி கேட்டாராம். விஷயம் கவனிக்கப்பட்டு வருகிறது என்று மந்திரி பதில் சொன்னாராம்.

“கவனிக்கப்பட்டதா, கற்றறிந்த நண்பரே?”

“இல்லை, சேர்.”

“நிச்சயமாகத் தெரியுமா? நீங்கள் நேரில் கண்டவரா, கேள்விப்பட்டவரா?”

“நான் தோட்டத்திலை வேலை செய்தனான் சேர். கூலிச்சனம் இருக்கிற லயத்தைக் கண்டனான்.”

“அப்படியானால் ஒரு துணைக்கேள்வி கேட்க வேண்டும்” என்றார். பகிடி இல்லை. கண்ணாடியைத் தேடினார். அது நடந்து அறுபது வருஷத்துக்கு மேல்.

முதலாம் உலக யுத்தம் வந்தது. இளம் ஆண்களைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு எடுக்கும் சட்டத்தை அவர் எதிர்த்தார். கட்சி தள்ளிவைத்தது. ஊரில் அவரைப்போல ஒரு வைக்கோல் பொம்மை செய்து, தலையில் பஞ்சில் மயிர்த்தொப்பியும் வைத்து, விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். தொங்கவிட்டவர்களில் ஒருவனுக்கு இரண்டு விரல் இல்லை. அந்த இரண்டு விரலுக்கும் காசு வாங்கிக்கொடுத்தவர் இவர்தான். “தொப்பியின் தையல் நன்றாக இருந்தது” என்று மட்டும் சொன்னார்.

அடுத்த தேர்தலில் மூன்றாவதாக வந்தார். வழக்குகள் நின்றன. ஆனாலும் பேசுவதை விடவில்லை. யுத்த முடிவில் உலகமெங்கும் சனத்தைக் கொன்ற அந்தப் பெரிய காய்ச்சல் பரவிய காலத்தில் பக்கத்து ஊர் மண்டபத்தில் பேசப் போனாராம். பயத்தில் சனம் வரவில்லை. மூக்கில் கைலேஞ்சி கட்டிய ஒரு சிலர்தான் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். “என் வாழ்நாளிலே அதுதான் நல்ல பேச்சு. அதைக் கேட்டவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. நீங்கள் என்னை நம்பித்தான் ஆக வேண்டும்” என்பார். நான் நம்பினேன்.

அதன் பிறகு, சின்னப் பிள்ளையாயிருந்த மகளோடு கப்பலேறி மெல்பேர்ணுக்கு வந்திருக்கிறார். இங்குள்ள வக்கீல்மார் விருந்துக்குக் கூப்பிட்டார்கள், வழக்குக் கொடுக்கவில்லை. ஒரு காப்புறுதிக் கம்பனியின் பின் கந்தோரில் பத்திரங்களை வாசித்துப் பிழை பார்க்கும் வேலை செய்து, வயது வந்து இளைப்பாறினார். இடையில் இங்கேயும் இரண்டு தடவை தேர்தலில் நின்று தோற்றார். மகள் எப்போதோ சிட்னிக்குப் போய்விட்டார். நத்தார் பண்டிகைக்கு ஒரு கார்ட் வரும்.

காலையில் ஓட்ஸ் கஞ்சி. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசாரணை செய்வார். “இது நேற்றுக் கொடுத்த அதே கஞ்சியா? ஆம் அல்லது இல்லை.” “ஓம் சேர், அதே மாதிரித்தான்.” “மாதிரியா, அதேயா?” எனக்கு வேர்க்கும். ஓட்ஸ் கெட்டுப்போய்விட்டதோ என்று தகரப் பேணியைத் திறந்து மணந்து பார்ப்பேன்.

என் மனைவியும் ஆறு வயது மகளும் அப்போது யாழ்ப்பாணத்தில். அவர்களைக் கூப்பிடுவதுதான் எனக்கு இருந்த ஒரே வேலை, மற்றதெல்லாம் அதற்காகத்தான். பொறுப்பு நிற்க ஒருவர் வேண்டும் என்று குடிவரவுக் கந்தோரில் சொன்னார்கள். கிழவரிடம் கேட்க எனக்கு மூன்று மாதம் சென்றது. கேட்டதும் தாள் கொண்டுவரச் சொன்னார். அன்று பின்னேரம் முழுவதும் எழுதினார். நீதியரசர்களுக்கு முன்னால் நிற்கிறவர்போல வாசித்தும் காட்டினார். கந்தோரில் இருந்த அதிகாரி கடைசித் தாளில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். கிழவரிடம் அதைச் சொல்லவில்லை. “கவனமாக வாசித்தார்களா?” என்றார். “ஓம் சேர்” என்றேன்.

அனுமதி வந்தது. குறிப்பிட்ட மாத முடிவுக்குள் வந்து இறங்க வேண்டும், இல்லாவிட்டால் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். டிக்கட்டுக்கு முற்பணம் கட்டி விமானத்தில் இரண்டு இடம் பிடித்துவைத்தேன். மீதி அறுநூற்றுப் பன்னிரண்டு டொலர். அதை வங்கியில் சேர்த்தும் விட்டேன். சேர்த்த பிறகுதான் பயம் கூடியது. வங்கி மூடிவிட்டால், அரசாங்கம் மாறிச் சட்டம் மாறிவிட்டால், பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால். நான் பயப்படாதது கிழவர் செத்துவிடுவார் என்பதற்கு மட்டும்தான். அவர் எப்போதும் அப்படியே இருந்தார்.

ஒரு காலையில் கஞ்சியை வைத்தேன். “இது நேற்றையதா?” என்றார். “ஓம் சேர்” என்றேன். மறுகேள்வி வரவில்லை. பால் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கதிரையில் அப்படியே இருந்தார், கரண்டி கையில் இருந்தது. நான் முதலில் காஸ் அடுப்பை நிறுத்தினேன். பிறகு கரண்டியை எடுத்துக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று தெரியாது.

அவருடைய மகளுக்குச் சிட்னிக்குத் தொலைபேசி எடுத்தேன். தனக்கு இடுப்பு எலும்பில் வருத்தம், பயணம் செய்ய ஏலாது என்றார். “நீங்கள் சரியென்று நினைப்பதைச் செய்யுங்கள்” என்றார்.

அடக்கக் கம்பனியிலிருந்து வந்தவர் நல்ல மனிதர். மெதுவாகப் பேசினார். எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, இதற்குப் பொறுப்பு யார் என்றார். பக்கத்து வீட்டம்மா என்னைப் பார்த்தார். கட்டிலில் அவர் கிடக்கிறார். செத்தவர் கிடக்கும் வீட்டில் நின்று, காசு யார் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருக்க எங்களுக்கு வராது. “நான் பார்க்கிறேன்” என்றேன். ஊரில் யாராயிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். நானூற்று முப்பத்தெட்டு டொலர். வங்கிக்குப் போய் எடுத்துக் கட்டினேன்.

எனக்கு அப்போது அது பெரிய யோசனையாக இல்லை. இதுதான் இப்போது விளங்கப்படுத்தக் கஷ்டமான இடம். வாழ்நாள் முழுவதும் ஒன்றுமில்லாததற்குப் பயந்தவன், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படவில்லை. ஏனென்றால் எனக்கு எட்டுச்செலவு தெரியும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால், பக்கத்தில் நிற்பவன் செலவழிப்பான். எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பார்கள். இனசனம் கூடும். சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் வரும்போது பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமுவார். “தம்பி, எல்லாமா எவ்வளவு முடிஞ்சது?” செலவழித்தவன், “அதுக்கென்ன இப்ப, பிறகு பாப்பம்” என்பான். “இல்லைத் தம்பி, சொல்லு.” “விடுங்கோ அண்ணை.” மூன்றாம் தரமும் கேட்பார். அப்போதுதான் அவன் வேண்டாவெறுப்பாகத் தொகையைச் சொல்வான். உரிமைக்காரர் பிரித்துக் கொடுப்பார்கள். முதல் கேள்விக்கே தொகையைச் சொல்கிறவனைக் காசுப்பேய் என்று ஊர் பத்து வருஷம் கதைக்கும்.

தகனசாலையிலிருந்து ட்ராமுக்கு நடந்து வரும்போது நண்பன் கேட்டான்.

“காசு ஆர் மச்சான் குடுத்தது?”

“நான்தான்.”

“எந்தக் காசு?”

நான் நடையைக் கூட்டினேன்.

“டேய், மனிசி பிள்ளையின்ர ரிக்கற் காசோ?”

“எட்டிலை திரும்பி வந்திடும்.”

“என்ன எட்டு?”

“எட்டுச்செலவு. மகள் இருக்கிறாதானே. கேப்பா, எவ்வளவு முடிஞ்சதெண்டு.”

அவன் நடுவீதியில் நின்றுவிட்டான். “உனக்கென்ன விசரே? வெள்ளைக்காரிக்கு எட்டுமில்லை, முப்பத்தொண்டுமில்லை. பெட்டி உள்ளை போனவுடனை சாண்ட்விச் திண்டிட்டுப் போற சனம்.”

“அப்புக்காத்தின்ர மகள் மச்சான். நியாயம் தெரியாமலே இருப்பா?”

“அப்புக்காத்துமாற்றை பிள்ளையள் நியாயம் கதைக்கிறதை ஊரிலை நீ காணேல்லையாக்கும். காணி வழக்கு முழுக்க அவையின்ரைதான்.” பிறகு குரலை இறக்கி, “வாய் திறந்து கேள், விளங்குதே? போன உடனை கேள். வெக்கப்படாதை” என்றான்.

எட்டாம் நாளுக்குச் சிட்னியில் நிற்கக் கணக்குப் பண்ணி ரயில் ஏறினேன். சாம்பல் பெட்டி மடியில். மேலே தட்டில் வைத்தால் விழும், கீழே வைத்தால் கால் படும். அதனால் முழுப் பயணமும் மடியில். டிக்கட் பரிசோதகர் வந்தபோது அதற்கும் டிக்கட் கேட்பாரோ என்று பெட்டியை இறுக்கிப் பிடித்தேன். அவர் அதைக் கேக் பெட்டி என்று நினைத்தார். “பிறந்தநாளா?” என்றார். “ஓம்” என்றேன்.

மகள் இருந்தது சிட்னியின் புறநகரான செவன் ஹில்ஸில். ஸ்டேஷனிலிருந்து தொழிற்சாலைகளின் நீண்ட மதிலோடு நடக்க வேண்டும். மெல்லிய தகட்டுச் சுவர் வைத்த சின்ன வீடு. மகளுக்கு அறுபத்தேழு வயது, கையில் ஊன்றுகோல், அதே நெடிய மூக்கு. அரசாங்கக் கந்தோரில் டைப் அடித்து இளைப்பாறியவர், கல்யாணம் செய்யவில்லை. பெட்டியை வாங்கி, வைக்க இடம் தேடி, கடைசியில் தையல் மெஷினின்மேல் வைத்தார்.

“உங்களை என்னவென்று கூப்பிடுவார்?”

“கற்றறிந்த நண்பர் என்று, மிஸ்.”

சிரித்தார். “கொடுத்துவைத்தவர். எனக்கு எதிர்த்தரப்பு என்று பெயர்.”

எங்கள் வழக்கத்தைச் சொல்லி, அவருக்கு விருப்பமானதை இன்று படைக்க வேண்டும், ஓட்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஓட்ஸ் எதற்கு?”

“கஞ்சி, மிஸ். ஒவ்வொரு நாளும் குடிப்பார்.”

“அவருக்குக் கஞ்சியைக் கண்ணில் காட்டக் கூடாதே. சின்ன வயதிலிருந்தே தொண்டையில் இறங்காது. தேர்தலில் தோற்றுக் காசில்லாமல் போனபோதுதான் குடிக்கத் தொடங்கினார். பிறகு நிறுத்தினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று குடித்துக்கொண்டே இருந்தார்.”

மகளின் வீட்டிலும் ஓட்ஸ்தான் இருந்தது. காய்ச்சினேன். ஒரு கோப்பையில் ஊற்றித் தையல் மெஷினுக்கு முன்னால் ஒரு முக்காலியில் வைத்துக் கும்பிட்டேன். அவர் ஊன்றுகோலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். “இதை இனி யார் குடிப்பது?” என்றார். “நாங்கள்தான், மிஸ்.” பாதி பாதி ஊற்றிக் குடித்தோம்.

அவரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து, தகப்பன் சொன்ன அந்த மண்டபத்துக் கதையைச் சொன்னேன். காய்ச்சல் காலம், மூக்கில் கைலேஞ்சி, ஆளில்லாத மண்டபம், வாழ்நாளிலே நல்ல பேச்சு.

கோப்பையைக் கீழே வைத்தார்.

“அன்றைக்குத்தான் அம்மா செத்தாள். அதே காய்ச்சல். போகவேண்டாம் என்று அம்மா கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். எனக்குப் பதினொரு வயது. ‘கற்றறிந்த எதிர்த்தரப்பின் வாதத்தைக் கவனித்தேன்’ என்றார் அப்பா. தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். நான்தான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் மத்தியானம் கையில் பூச்செண்டோடு வந்தார். அந்த மண்டபத்தில் யாரோ கொடுத்தார்களாம். அதைத்தான் அம்மாவுக்கு வைத்தோம். வேறு வாங்கக் காசில்லை.”

அழவில்லை அவர். முகவரி சொல்வதுபோலத்தான் சொன்னார். நானும் அழவில்லை. வெளியே எங்கோ ஒரு தொழிற்சாலையில் சங்கு ஊதியது. ஆட்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“நல்ல பேச்சு என்றுதான் சொன்னாரா?” என்று திரும்பக் கேட்டார்.

“ஓம், மிஸ்.”

“சரி” என்றார்.

கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். பின்னாலேயே வந்து, “செலவு ஏதும்… நான் உங்களுக்கு ஏதும் தர வேண்டுமா?” என்றார்.

வந்துவிட்டது. நான் மெல்பேர்ணிலிருந்து காத்துக்கொண்டு வந்த கேள்வி அதுதான். நானூற்று முப்பத்தெட்டு என்ற தொகை நாக்கில் நின்றது. மனைவி, பிள்ளை, மாத முடிவு எல்லாம் நினைவில் நின்றன. என் வாய் என்னைக் கேளாமல், “சீச்சீ, இல்லை மிஸ். அதுக்கென்ன” என்றது.

அவருடைய தோள் கீழே இறங்கியதைக் கண்டேன். பயந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். “அப்பா வேலை பார்த்த காப்புறுதிக் கம்பனி பார்த்திருக்கும், அப்படித்தானே. நல்லது. நன்றி” என்றார்.

இரண்டாம் தரம் கேட்பார் என்று காத்திருந்தேன். கோப்பைகளை மெதுவாகக் கழுவினேன். துடைத்தேன். தண்ணீர் கேட்டுக் குடித்தேன். வாசலில் குந்தியிருந்து சப்பாத்தைக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினேன். அவர் ரயில் நேரத்தைப் பற்றிப் பேசினார், சிட்னியில் இனி மழை வரும் என்றார். நண்பன் சொன்னது ஞாபகத்தில் இருந்தது. கேட்கலாம். ஆனால் ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் கேளாமல் நானாக எடுப்பது எப்படி? படலைக் கதவு வரை வந்தவர் திடீரென்று, “பொறுங்கள்” என்று உள்ளே போனார். நான் திறந்த படலையைத் திரும்பச் சாத்தினேன். முட்டை சாண்ட்விச் சுற்றிய ஒரு பார்சலோடு வந்தார். வழிக்கு என்றார்.

ரயிலில் அதைச் சாப்பிட்டேன். உப்புப் போதாது.

வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு நண்பனின் வீட்டுக்குப் போனேன். அவன் ஏசுவான் என்று நினைத்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு சிரித்தான். சிரித்து முடிய நேரமெடுத்தது.

“ஒருக்கால்தான் கேட்டவவோ?”

“ஒருக்கால்தான்.”

“பாவம், அவவுக்கென்ன தெரியும், நீ இன்னும் ரெண்டு தரம் பாத்துக்கொண்டிருக்கிறாய் எண்டு.” எழுந்து போய் அலுமாரியைத் திறந்தான். “இந்தா, இருநூறு கிடக்கு. பிடி.”

“வேண்டாம் மச்சான், நீ வைச்சிரு.”

“பிடியடா.”

“உன்ர பிள்ளையளின்ர…”

“மூண்டாந்தரம் சொல்லுறன். இதோடை முடிஞ்சுது. இனி வேண்டாமெண்டா திரும்ப வைச்சுப் பூட்டிப்போடுவன்.”

வாங்கிக்கொண்டேன். குசினியிலிருந்து அவன் மனைவி, “அண்ணை, வேறை ஆரிட்டையும் வேண்டாமெண்டு சொல்லிப்போடாதேங்கோ” என்றார்.

வேறு யாரும் இல்லை. பக்கத்து வீட்டு விதவை அம்மா தகனசாலையிலிருந்து போகும்போது கைகுலுக்கி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டிருந்தார். அதற்கும் என்ன சொன்னேன் என்று எழுதத் தேவையில்லை.

வெள்ளிக்கிழமை பயண முகவரின் கந்தோருக்குப் போனேன். கொழும்பிலிருந்து வந்த பறங்கி மனிதர். எனக்காக இரண்டு தடவை தவணை நீட்டியவர். வங்கியில் மிஞ்சியதையும் நண்பன் தந்ததையும் மேசையில் வைத்தேன். ரயிலுக்கு முப்பத்திரண்டு போயிருந்தது. அவர் எண்ணினார். ஒருவருக்கு எடுக்கலாமா என்றார். ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் எப்படி வருவாள் என்றேன். அதுவும் சரிதான் என்றார். அன்று பின்னேரம் அந்த இரண்டு இடங்களும் வேறு யாருக்கோ போயின. அனுமதி மாத முடிவோடு முடிந்தது. பொறுப்பு நிற்க வேறு ஆள் பிடித்துத் திரும்ப விண்ணப்பித்து அவர்கள் வந்துசேர ஒன்றரை வருஷமாயிற்று. மகள் என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கோபமோ துக்கமோ வரவில்லை. யார்மேல் வருவது? முகவர் ஒரு சின்னத் துண்டில் கழித்துப் பார்த்து, துண்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

இன்னும் கட்ட வேண்டியது இருநூற்று எழுபது டொலர்.